ஓடுகிற பெட்டியில் கை வைக்கிறவர்

வேலைக்குக் கிளம்பும்போது ஸ்க்ரூடிரைவருக்கு முன்பே அவர் பைக்குள் போவது ஒரு பிரிண்ட் அவுட். சர்வர் கம்பெனிகள் ஒவ்வொரு பதிப்போடும் வெளியிடும் ரிலீஸ் நோட்ஸின் பின்பகுதி அது. தங்கள் பெட்டியில் தெரிந்தே இருக்கும் கோளாறுகள் என்று கம்பெனிக்காரர்களே ஒத்துக்கொண்டு எழுதிய பக்கங்கள். இன்ன பதிப்பில் இன்ன கார்டு இருக்கும் சர்க்யூட் பலகையைக் கழற்றினால் சிஸ்டம் உறைந்துவிடும். இன்ன வரிசையில் கட்டளை கொடுத்தால் வேலை பாதியில் நிற்கும். மாற்று வழி, ரீபூட். சில இடங்களில் மாற்று வழி இல்லை என்றே அச்சாகியிருக்கும். விற்க வருகிறவர்கள் காட்டும் வழவழப்பான புத்தகத்தில் ‘சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம்’ என்று ஒரு வரி இருக்குமே, அந்த ஒரு வரிக்கு இத்தனை பக்க அடிக்குறிப்பு.

விளாத்திகுளத்துக்காரர். வீட்டில் வத்தல் வியாபாரம். கோவில்பட்டியில் டிப்ளமா முடித்து, தொண்ணூறுகளின் கடைசியில் சென்னைக்குப் போய், பெரிய யூனிக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஃபீல்ட் இன்ஜினியராகச் சேர்ந்தார். இப்போது ஊரோடு வந்துவிட்டார். தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரைப் பக்கம் ஓடுகிற சர்வரைத் திறக்க வேண்டியிருந்தால் கூப்பிடுகிறார்கள். பஸ்ஸிலோ காரிலோ போய்வருகிறார். சின்னப் பையன்களுக்கு அவர் அண்ணாச்சி. தன் பெயரும் வேண்டாம், வேலை பார்த்த இடங்களின் பெயரும் வேண்டாம் என்றுதான் பேசவே தொடங்கினார்.

அவர் தொழில் பழகிய பெட்டி, சன் மைக்ரோசிஸ்டம்ஸின் எண்டர்பிரைஸ் 10000. செல்லப்பெயர் ஸ்டார்ஃபயர். 1997இல் சந்தைக்கு வந்தது, ஆளுயரம் இருக்கும். உள்ளே 16 பலகைகள். பலகைக்கு 4 பிராசஸர், 4 ஜிபி வரை மெமரி. இன்று சட்டைப்பையில் கிடக்கும் போனுக்கே அதைவிட அதிக மெமரி என்பது வேறு விஷயம். உள்ளபடிக்கு அது சன் பெற்ற பிள்ளையும் அல்ல. கிரே ரிசர்ச்சின் வணிகப் பிரிவில் உருவாகிக்கொண்டிருந்தது. 1996இல் கிரேயை வாங்கிய சிலிக்கான் கிராஃபிக்ஸ், அந்தப் பிரிவை மட்டும் சன்னுக்குத் தள்ளிவிட்டது. வாங்கியவர்கள் கொழித்தார்கள்.

ஸ்டார்ஃபயரின் பெருமை இதுதான்: ஒரே பெட்டியைத் தனித்தனி சர்வர்போல ஓடும் பல டொமைன்களாகப் பிரித்துக்கொள்ளலாம்; ஓடிக்கொண்டிருக்கும் டொமைனிலிருந்து ஒரு பலகையை உருவி இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். டைனமிக் ரீகான்ஃபிகரேஷன், சுருக்கமாக டி.ஆர். உருவ வேண்டிய தேவையும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. அந்தக் கால அல்ட்ராஸ்பார்க்-2 பிராசஸரின் வெளிக் கேச்சுக்குப் பேரிட்டி மட்டுமே காவல். ஒரு பிட் புரண்டால் கண்டுபிடிக்கும், திருத்தாது. கண்டுபிடித்ததும் சிஸ்டம் பேனிக் ஆகி விழுந்து எழும். 2000ஆம் ஆண்டு வாக்கில் உலகம் முழுக்கச் சன் வாடிக்கையாளர்கள் இதில் மாட்டிக்கொண்டு திணறினார்கள். கேச்சை இரட்டையாக வைத்த புது மாட்யூல்களைக் கொண்டுவந்துதான் கம்பெனி மீண்டது. அதுவரை பிராசஸரை மாற்று, பலகையை மாற்று என்றே சர்வீஸ்காரர்களின் ராத்திரிகள் கழிந்தன. அண்ணாச்சிக்குக் கை பழகியது அப்போதுதான்.

“கழத்துறது அஞ்சு நிமிச வேல தம்பி. அத யாரு பிடிச்சிட்டிருக்கான்னு கண்டுபிடிக்கத்தான் ராத்திரி போகும்” என்கிறார்.

ஒரு பலகையை உருவ வேண்டுமென்றால் அதிலுள்ள பிராசஸர்கள் வேலையைக் கைமாற்றிவிட்டு ஒதுங்க வேண்டும். மெமரியில் இருப்பதெல்லாம் வேறு பலகைக்கோ ஸ்வாப்புக்கோ குடிபோக வேண்டும். அதில் செருகிய டிஸ்க், நெட்வொர்க் கார்டுகளுக்கு மாற்றுப்பாதை இருக்க வேண்டும். இதெல்லாம் நடந்த பிறகே சிஸ்டம் அந்தப் பலகையின் மின்சாரத்தைத் துண்டிக்கும். சாதாரண புரோகிராம்களின் மெமரி சொன்னபடி நகரும். நகராதது கெர்னலின் சொந்த மெமரி. பெட்டியை இயக்கிக்கொண்டிருப்பதே அதுதான். தன் இருப்பிடத்தைத் தானே பெயர்த்துக்கொள்வது அதற்கு எளிதல்ல. இடம் மாறித்தான் ஆக வேண்டுமென்றால் மொத்த சிஸ்டமும் சற்று நேரம் மூச்சை அடக்கி நிற்கும். அந்த இடைவெளியில் மெமரிப் பக்கங்களைப் புதுப் பலகைக்கு நகலெடுத்து, பழைய முகவரியை அதற்குச் சூட்டிவிடுவார்கள். மூச்சடக்கி நிற்கத் தெரியாத டிரைவர் ஒன்று, டேப் டிரைவ் போல, இருந்துவிட்டால் அதுவும் நடக்காது. ரியல்டைம் முன்னுரிமையில் ஓடும் புரோகிராம் இருந்தாலும் நடக்காது.

சன் இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தது. கெர்னல் தன் பக்கங்களைக் கண்ட பலகையில் தெளிக்காமல் ஒரே கூண்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி, கான்ஃபிகரேஷன் ஃபைலில் ஒரு வரி. கூண்டு இருக்கும் பலகை போக மற்றவற்றை நிம்மதியாக எடுக்கலாம். ஆனால் அந்த வரி பலிக்க ஒருமுறை ரீபூட் செய்தாக வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. ஒரு பெரிய அலுவலகத்தில் பலகை மாற்றக் கூப்பிட்டார்கள். சர்வரை நிறுத்தவே கூடாது, அதற்காகத்தான் இத்தனை கோடி கொடுத்து வாங்கினோம் என்றார் மேலதிகாரி. உள்ளே நுழைந்து பார்த்தால் அந்த வரியே இல்லை. நிறுவிய நாளில் யாரும் எழுதவில்லை. கெர்னலின் பக்கங்கள் எல்லாப் பலகையிலும் சிதறிக் கிடந்தன. நிறுத்தாமல் கழற்ற வேண்டுமானால் முதலில் ஒருமுறை நிறுத்த வேண்டும் என்று அந்த மேலதிகாரிக்கு விளக்க, பலகை மாற்றுவதைவிட அதிக நேரம் பிடித்தது. அடுத்த ஞாயிறு வரை காத்திருந்து, வரியை எழுதி, ரீபூட் செய்து, அந்த ரீபூட்டின் சாக்கிலேயே பலகையையும் மாற்றினார்கள். டி.ஆர். வசதி இருந்தும் அன்றைக்கு அதற்கு வேலையே இல்லை.

பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பட்டியலில் கெர்னலுக்கு அடுத்த இடம் மனிதர்களுக்கு. வேகம் கூடும் என்று டேட்டாபேஸ்காரர் ஒரு புரோகிராமைக் குறிப்பிட்ட பிராசஸரோடு கட்டிப்போட்டிருப்பார். கட்டியவர் வேலை மாறிப் பெங்களூர் போயிருப்பார். கட்டு மட்டும் இருக்கும். பிராசஸரைக் கழற்றச் சொன்னால் ‘பிஸி’ என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். ஆரக்கிள் டேட்டாபேஸ் தன் பகிர்வு மெமரியை அசையாமல் பூட்டி வைத்திருக்கும். அதற்கு ஈடாக மற்றப் பலகைகளில் காலியிடம் இல்லையென்றால் நகராது. பெட்டி நிறைய மெமரி வாங்கி, அத்தனையையும் டேட்டாபேஸுக்கே எழுதிவைத்துவிட்டு, ஒரு பலகையை மட்டும் எடுக்கக் கேட்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

கிளஸ்டர் இன்னொரு வகை. இரண்டு சர்வர்கள் ஒன்றையொன்று நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று பேச்சை நிறுத்தினால் செத்துவிட்டது என்று மற்றது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். டி.ஆர். நடுவே சிஸ்டம் மூச்சடக்குகிற நேரம் அதற்குச் சாவாகத் தெரிந்தால் என்ன ஆகும்? உயிரோடு இருப்பவர் சொத்தை வாரிசு பிரித்துக்கொள்கிற கதை. அதனால்தான் சிஸ்டத்தை நிறுத்திவைக்க வேண்டிய மாற்றங்களைக் கிளஸ்டரில் செய்யலாகாது என்று சன் கையேடுகளே விலக்கிவைத்தன.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சர்வர் அறைக்குள், மற்றவர் கன்சோலில். உள்ளே இருப்பவருக்கு விளக்கு மட்டுமே தெரியும். கன்சோலில் இருப்பவருக்குச் செய்தி மட்டுமே தெரியும். முத்துக்குளிக்க இறங்குகிறவன் கயிற்றின் மறுநுனியை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று தூத்துக்குடிக் கரையில் சொல்வார்கள். கன்சோலில் யாரை உட்காரவைப்பது என்பதில் அண்ணாச்சியும் அவ்வளவு கறார். புதுப் பையன் என்றால் இடம் மாற்றி, தான் கன்சோலுக்குப் போய் அவனை உள்ளே அனுப்புகிறார்.

ஐபிஎம் பக்கம் வந்தால் கதை வேறு தோற்றத்தில் வரும். பவர்-4 பிராசஸரும் 2002இல் ஏஐஎக்ஸ் 5.2வும் வந்தபின், பலகையைத் தொடாமலே ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொன்றுக்கு பிராசஸரையும் மெமரியையும் நகர்த்த முடிந்தது. கட்டளை கொடுப்பது ஹெச்எம்சி என்ற தனிக் கணினி. அது ஒவ்வொரு பார்ட்டிஷனோடும் நெட்வொர்க் வழியே பேசி, ‘விட்டுக்கொடு’ என்று கேட்கும். நடுவில் ஃபயர்வால்காரர் 657ஆம் போர்ட்டை அடைத்துவைத்திருந்தால் பேச்சே இல்லை. இதைவிடத் தந்திரமான கோளாறு ஒன்று உண்டு. ஒரு பார்ட்டிஷனை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கியிருப்பார்கள்; உள்ளே பொதிந்திருக்கும் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகியிருக்கும். ஒரே அடையாளத்தில் இருவர் வந்து நின்றால் ஹெச்எம்சி குழம்பிப்போகும். நிறுவி இரண்டு வருடம் எந்தக் குறையுமில்லாமல் ஓடியிருக்கும். மெமரி கூட்ட வேண்டிய அன்றுதான் தெரியவரும். அடையாளத்தைப் புதிதாக உருவாக்க ஒரு சின்னக் கட்டளை போதும். அதைத் தெரிந்துவைத்திருந்ததால் மட்டுமே அவருக்கு மதுரையில் நல்ல பேர்.

லினக்ஸில் இந்தப் பிடிமானம் இன்னும் பச்சையாகத் தெரிகிறது. சாதாரண இன்டெல் பெட்டியில் மெமரியை 128 மெகாபைட் துண்டுகளாகப் பிரித்துவைத்திருக்கும். ஒரு துண்டுக்குள் 4 கிலோபைட் பக்கங்கள் 32,768. அதில் ஒரே ஒரு பக்கத்தைக் கெர்னல் தனக்கென்று எடுத்திருந்தாலும் முழுத் துண்டும் வெளியே வராது. நகரக்கூடியவற்றுக்கு மட்டும் தனிப் பகுதி ஒதுக்கலாம். அதையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

பெயர்களும் பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போன டிஸ்க்கை உருவிப் புதியதைச் செருகுகிறோம். பழையதை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்துவைத்திருந்தால், அந்தப் பெயர் விடுபடாது. புது டிஸ்க் பெயரில் வேறு எழுத்தோடு எழுந்து வரும். பழைய எழுத்தை நம்பி எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட் ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுமில்லாத இடத்தைத் தேடும். ஃபைபர் கார்டை மாற்றினால் அதன் உலகளாவிய எண் மாறிவிடும்; ஸ்டோரேஜ் பக்கத்தில் பழைய எண்ணுக்குத்தான் கதவு திறந்திருக்கும், புதுக் கார்டுக்கு ஒரு டிஸ்க்கும் தெரியாது. அதனால் கார்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததும் அவர் செய்கிற முதல் காரியம், ஸ்டிக்கரைப் போனில் படம் பிடித்து ஸ்டோரேஜ்காரருக்கு அனுப்புவது.

கூட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம். பிரச்சினை பிறகு வரும். மெமரியைச் சேர்த்துவிட்டு, அதைத் தொட ரீஸ்டார்ட் வேண்டும் என்று டேட்டாபேஸ் சொல்லும். விஎம்வேரில் ஓடும்போதே பிராசஸர் கூட்டுகிற வசதியை இயக்கிவைத்தால், எந்த மெமரி எந்தப் பிராசஸருக்கு அருகே என்ற வரைபடத்தை உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்குப் பொதுவாகக் காட்டாது. பெரிய விர்ச்சுவல் மெஷின்கள் காரணம் தெரியாமல் மந்தமாகும். பிராசஸருக்கு இவ்வளவு என்று லைசன்ஸ் வாங்கிய இடங்களில், ராத்திரி இரண்டு கோர் கூட்டியதற்கு ஆடிட்டர் வந்து விலை சொன்ன கதைகளும் உண்டு.

தொழிலில் அவர் பையன்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வது சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் கதை. 2010 ஜூலை 3, சனிக்கிழமை. மெயின்பிரேமோடு இணைந்த ஸ்டோரேஜில் ஒரு தகவல் இணைப்பு தடுமாறுகிறது என்று கண்காணிப்பு மென்பொருள் எச்சரித்தது. பராமரிப்பு ஐபிஎம் வசம். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, மாற்றுப்பாதைகள் இருந்தன. திங்கள் விடிகாலை மூன்று மணி சுமாருக்கு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து, வழக்கமான உதிரிபாக மாற்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். களத்தில் ஓர் இன்ஜினியர். வழிகாட்டியது கம்பெனியின் ஆசிய-பசிபிக் உதவி மையம். சொல்லிக்கொடுத்த செய்முறை காலாவதியானது. ஒரு தடத்துக்குப் பின்னால் இன்னொன்று என்று அடுக்கிவைத்திருந்த பாதுகாப்புகள் வரிசையாகச் சரிந்தன. வாரத்தின் முதல் வேலைநாள் காலையில் ஏடிஎம் இல்லை, இணைய வங்கி இல்லை. பத்து மணி வாக்கில்தான் எல்லாம் திரும்பியது. வங்கியின் தலைமை அதிகாரி பியூஷ் குப்தா வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதி நடந்ததை மணிவாரியாகச் சொன்னார். சிங்கப்பூர் நாணய வாரியம், ஏறத்தாழ 23 கோடி சிங்கப்பூர் டாலரைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கிவைக்கும்படி வங்கிக்கு உத்தரவிட்டது.

கைவேலையில் யாரும் அங்கே தடுமாறவில்லை, கையில் இருந்த காகிதம் பழசு. பிரிண்ட் அவுட்டை ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக எடுப்பதன் காரணத்தைக் கேட்கிறவர்களுக்கு அவர் டிபிஎஸ்ஸைத்தான் பதிலாகச் சொல்கிறார். போன மாத நகலைத் திரும்பக் கொண்டுபோக மாட்டார்.

காகிதத்தைப் படிக்காததால் வரும் விபத்துக்கு அவர் காட்டும் உதாரணம் 2019 நவம்பரில் ஹெச்பிஇ என்ற சர்வர் கம்பெனி கொடுத்த அறிவிப்பு. அவர்களுடைய குறிப்பிட்ட சில எஸ்எஸ்டிகள், மின்சாரம் ஏறி 32,768 மணி நேரம் ஆனதும் செத்துப்போகும், தகவலும் திரும்பாது. மூன்று வருடம், 270 நாள், 8 மணி நேரம். மெமரிக் கணக்கில் வந்த அதே எண், இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. ஃபர்ம்வேரில் ஓர் எண்ணி அங்கே நிரம்பி வழிந்தது. ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கும் என்பதுதான் ரெய்டின் நம்பிக்கை. ஒரே நாளில் பெட்டி பிரித்து ஒரே நாளில் செருகிய டிஸ்க்குகள் எல்லாம் ஒரே மணியில் முடிந்தால் ரெய்டு எதைத் தாங்கும்? ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் போதும், பைசா செலவில்லை. 2020 மார்ச்சில் 40,000 மணி நேரத்துக்கு இன்னோர் அறிவிப்பும் வந்தது.

நிறுத்தாமல் மாற்றும் அவசியம் வளர்ந்துகொண்டேதான் போகிறது. ரயில்வே முன்பதிவுக்கு இன்றும் நள்ளிரவையொட்டி ஒரு சின்ன அடைப்பு உண்டு. ராத்திரி 11:45க்கு ஐஆர்சிடிசியில் டிக்கெட் எடுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வங்கிகளின் பணப் பரிமாற்றத்துக்கு ஞாயிறும் கிடையாது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் 24 மணி நேரமும் நடக்கின்றன. யுபிஐ பிறந்ததிலிருந்தே தூங்கியதில்லை. ‘ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாங்க’ என்று சொல்கிற வாடிக்கையாளர் இப்போது அபூர்வம்.

ஆனாலும் ஓடுகிற பலகையை உருவும் வேலை குறைந்துவிட்டது. ஓடுகிற வேலையையே வேறு பெட்டிக்கு நகர்த்திவிட்டு, காலியானதை அணைத்து, சாவகாசமாகத் திறக்கிறார்கள். விஎம்வேர் இதை 2003இல் விமோஷன் என்ற பெயரில் கொண்டுவந்தது. ஐபிஎம் 2007இல் பவர்-6இல் கொண்டுவந்தது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தூத்துக்குடி மூழ்கிக் கிடந்தபோது, தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்த ஓர் அலுவலகத்துக்கு விளாத்திகுளத்திலிருந்து போனிலேயே அண்ணாச்சி வழி சொன்னார். யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் விர்ச்சுவல் மெஷின்களை மாடியில் இருந்த இன்னொரு சர்வருக்கு நகர்த்த வேண்டும். எல்லாம் போயின, ஒன்று மட்டும் மறுத்தது. தண்ணீர் வாசல்படியில் நிற்கும்போது யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடினார்கள். கீழ்ச் சர்வரின் சிடி டிரைவோடு அந்த மெஷினை எப்போதோ இணைத்துவிட்டு, யாரோ துண்டிக்க மறந்திருந்தார்கள்.

கடற்கரையூரில் ரிலீஸ் நோட்ஸில் இல்லாத கோளாறும் ஒன்று உண்டு. உப்புக்காற்று. ஏசிக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் ஜன்னலைத் திறந்துவைக்கும் அறைகளில், கார்டின் தங்கப்பூச்சு விளிம்பும் பவர் சப்ளையின் செருகுமுனையும் சில வருடங்களில் பூத்துப்போகும். அசைக்காத வரை ஓடும். மாற்றச் சொன்ன பவர் சப்ளையை உருவும்போது, நன்றாக இருக்கும் பக்கத்துச் சப்ளை அந்த அசைவில் தொடர்பு விட்டு, பெட்டியே இருண்டுபோகும். இரண்டு சப்ளையையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகிவைத்திருப்பதும் இங்கே சகஜம். அதனால் உருவுமுன் வயரைப் பின்பக்கமாகச் சுவர் வரை கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்க்கிறார். வயரில் கட்டிய லேபிளை நம்புவதில்லை.

2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. பழைய சன்ஃபயர் 6800 ரகப் பெட்டியைக் கைவிட முடியாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் அங்கங்கே இருக்கிறார்கள். பலகை கெட்டால் பழைய சாமான் சந்தைதான் கதி. அங்கிருந்து வரும் பலகையின் ஃபர்ம்வேர் பெட்டியோடு ஒத்துப்போகாவிட்டால் உள்ளே சேர்க்காது. நல்ல பலகையிலிருந்து நகலெடுத்து அதில் ஏற்றிய பிறகே டெஸ்டுக்குப் போகும். அதனால் விற்கிறவரிடம் அவர் பணத்தைப் பற்றிப் பேசுமுன் கேட்பது இரண்டு: பலகையின் பாகஎண் தெரியும்படி ஒரு போட்டோ, கடைசியாக ஓடிய பதிப்பு எது என்ற விவரம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஏற்றுகிற நேரத்தையும் சேர்த்தே வாடிக்கையாளரிடம் மணிக்கணக்குச் சொல்கிறார்.